மேல் பத்து மீட்டர்: ஸ்கூபா பழகுவோருக்கு ஓர் அழுத்தப் பாடம்

கெந்திங் மலையுச்சியில் குடித்து முடித்த தண்ணீர்ப் போத்தலை எறிந்துவிடாமல், மூடியை நன்றாக இறுக்கி, காரின் பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு கோலாலம்பூருக்கு இறங்கிப் பாருங்கள். கோம்பாக் டோல் சாவடியை நெருங்கும்போது, யாரும் தொடாமலேயே அதன் இடுப்பு ஒடுங்கி, பக்கங்கள் உள்வாங்கிக் கிடக்கும். ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. மேலே அடைபட்ட காற்று, கீழே வந்ததும் தன்னைச் சூழ்ந்த அதிக அழுத்தத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் சுருங்கிவிடுகிறது. இன்னொரு போத்தலைக் கீழேயே மூடி, நீச்சல் குளத்தின் அடிக்குக் கொண்டுபோனால், இரண்டேகால் மீட்டர் ஆழத்தில் அதே அளவுக்கு ஒடுங்கிவிடும். வளைந்து வளைந்து இறங்கும் ஒரு மலைப்பாதை முழுவதும் செய்யும் வேலையை, ஆளுயரத்துக்குச் சற்று மேற்பட்ட தண்ணீர் செய்து முடிக்கிறது.

முதுகில் காற்றுச் சிலிண்டருடன் கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபா என்னும் கலையில் புதியவர் விளங்கிக்கொள்ள வேண்டிய கருத்து பெரும்பாலும் இந்தப் போத்தலுக்குள் அடங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மலேசியாவின் கிழக்குக்கரைத் தீவுகள் திறக்கும் மார்ச் மாதம் வந்துவிட்டால், நான் கடலுக்குப் போவதை அறிந்த உறவினர்கள் கேட்கும் கேள்வி ஆண்டுதோறும் ஒன்றுதான்: எவ்வளவு ஆழம் போவாய், அவ்வளவு ஆழத்தில் பயமாக இருக்காதா? ஆழத்தைக் கண்டு அஞ்சுவது இயல்பு. ஆனால் உடலைப் பொறுத்தவரை கவனம் தேவைப்படும் இடம் அடியில் இல்லை. அலைக்குக் கீழே உள்ள முதல் பத்து மீட்டரில் இருக்கிறது.

கணக்கு எளியது. கடல்மட்டத்தில் நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். கடல்நீரில் இறங்கும் ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் இன்னொரு பங்கு சேர்கிறது. ஆகவே 10 மீட்டரில் இரண்டு பங்கு, 20 மீட்டரில் மூன்று, 30 மீட்டரில் நான்கு. அழுத்தம் எத்தனை மடங்கு கூடுகிறதோ அத்தனை மடங்கு காற்றின் கனஅளவு குறையும் என்பதை ராபர்ட் பாயில் 1662-இல் எழுதி வைத்தார். மேற்பரப்பில் ஆறு லிட்டர் நிறைந்த ஒரு பலூன் 10 மீட்டரில் மூன்று லிட்டராகும். 20 மீட்டரில் இரண்டு லிட்டர். 30 மீட்டரில் ஒன்றரை லிட்டர். கடைசிப் பத்து மீட்டரில் அது இழந்தது அரை லிட்டர், முதல் பத்து மீட்டரில் இழந்ததோ மூன்று லிட்டர். ஏறும்போது இதே கணக்கு தலைகீழாக நடக்கும். 30 மீட்டரிலிருந்து 20-க்கு வருகிறவருக்குக் காற்று மூன்றில் ஒரு பங்குதான் விரியும். 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வருகிறவருக்கு அது இரண்டு மடங்காகிவிடும்.

நம் உடலின் பெரும்பகுதி நீரும் தசையும் எலும்புமாக இருப்பதால், அவற்றை இந்த அழுத்தம் நசுக்குவதில்லை. சிக்கல் காற்று தங்கும் இடங்களில்தான்: நடுச்செவி, முகத்தெலும்புகளில் உள்ள காற்றறைகள், முகக்கண்ணாடிக்குள் அடைபட்ட வெளி, நுரையீரல். குளத்தின் அடிக்குப் போன எவரும் காது வலியை அறிவர். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெல்ல ஊதினால் தொண்டையிலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் குழல் திறந்து, உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகும். வலி வந்தபின் ஊதுவதால் பயன் குறைவு. தலை நீருக்குள் போனதிலிருந்தே அரை மீட்டர், ஒரு மீட்டருக்கு ஒருமுறை ஊதிக்கொண்டே இறங்க வேண்டும்; ஊதியும் திறக்காவிட்டால் சற்று மேலேறி மறுபடி முயல வேண்டும். சளி பிடித்திருந்தால் அந்தக் குழல் வீங்கி அடைத்திருக்கும். அன்று கரையிலேயே இருந்துவிடுவது நல்லது, கட்டிய பணம் போனாலும் பரவாயில்லை. ஸ்கூபாவில் நீச்சல் கண்ணாடிக்குப் பதிலாக மூக்கையும் மூடும் முகக்கண்ணாடி அணிவதற்கும் காரணம் இதுவே. மூக்கு வழியாகச் சிறிது காற்றை உள்ளே விட்டால்தான் கண்ணாடி முகத்தை உறிஞ்சிப் பிடிக்காமல் இருக்கும்.

நுரையீரலுக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, மூச்சை அடக்கியபடியே சிப்பி பொறுக்கி மேலேறினார்கள். அவர்கள் கரையின் காற்றை நெஞ்சில் நிறைத்துக்கொண்டு போனவர்கள். அடியில் சுருங்கிய அந்தக் காற்று, மேலே வரும்போது புறப்பட்ட அளவுக்குத்தான் விரியும். ஸ்கூபா பழகுகிறவர் கதை வேறு. முதுகிலுள்ள சிலிண்டரின் ரெகுலேட்டர், அந்தந்த ஆழத்தின் அழுத்தத்துக்குச் சமமான காற்றை வாய்க்குள் தருகிறது; அது இல்லாவிட்டால் நீரின் அழுத்தத்தை எதிர்த்து நெஞ்சை விரித்து மூச்சிழுக்கவே முடியாது. தேவைக்கேற்பக் காற்றைத் தரும் இந்த ஏற்பாட்டை ஜாக் குஸ்தோவும் எமில் கான்யானும் பிரான்சில் 1943-இல் உருவாக்கினார்கள். இதன் விளைவாக, 10 மீட்டரில் நெஞ்சு நிறைய ஐந்து லிட்டர் இழுத்தவர் உள்ளே வைத்திருப்பது கரையில் பத்து லிட்டராகக்கூடிய காற்று. அதை அடக்கிக்கொண்டு மேலேறினால் நுரையீரல் கிழியும். நிறைந்த நுரையீரலுடன் மூச்சடக்கியவருக்கு ஒன்றரை மீட்டருக்கும் குறைவான ஏற்றமே இதற்குப் போதும். பயிற்சியின் முதல் நாளில், கருவிகளின் பெயர் சொல்லும் முன்பே, மூச்சை ஒருபோதும் அடக்காதே என்று சொல்லித் தருவது இதனால்தான். மூச்சடக்கி மூழ்குவதை வீரமாகக் கேட்டு வளர்ந்த நமக்கு, இதைப் பழக்கத்தில் கொண்டுவரக் கொஞ்ச நாள் பிடிக்கிறது.

அழுத்தம் காற்றின் செலவையும் தீர்மானிக்கிறது. இங்கே வாடகைக்குக் கிடைக்கும் அலுமினியச் சிலிண்டர் ஏறத்தாழ 11 லிட்டர் கொள்ளளவு உடையது; அதில் 200 பார் அழுத்தத்தில் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நாம் மேலே சொன்ன ஒரு பங்கு) காற்றை அடைப்பார்கள். கடைசி 50 பாரைக் கையிருப்பாக விட்டுவிட்டால், செலவழிக்கக் கிடைப்பது 1,650 லிட்டர். புதியவர் ஒருவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சிழுப்பதாகக் கொண்டால், மேற்பரப்பில் அது 80 நிமிடத்துக்கு மேல் வரும். 10 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் இரண்டு மடங்கு காற்று போவதால் 41 நிமிடம்; 20 மீட்டரில் 27 நிமிடம். பதற்றத்தில் மூச்சு வாங்கினால் இதுவும் குறையும். தொடக்கச் சான்றிதழ் பெற்றவர்களுக்கு 18 மீட்டரை எல்லையாக வைத்திருப்பதன் நியாயத்தில் பாதி இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இனி, இந்தக் கணக்கெல்லாம் ஓர் இடத்தில் எப்படிச் செயல்படுகிறது என்று பார்ப்போம். முதுகில் சிலிண்டருடன் இறங்குபவர்கள் பெரிதும் விரும்புவது கடலடிப் பாறைமுகடுகளை. அது எப்படி இருக்கும் என்று கேட்பவர்களிடம் நான் பத்துமலையைக் காட்டுவேன். சுற்றிலும் சமதரையாக இருக்க, அதன் நடுவில் செங்குத்தாக எழும் ஒற்றைப் பாறைமலை. அதைச் சுற்றி உச்சிக்கு ஐந்தாறு மீட்டர் மேல் வரை கடல் நிரம்பியிருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இது வெறும் உவமை என்றும் சொல்லிவிட முடியாது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. தீபகற்பத்துக்கும் போர்னியோவுக்கும் இடையிலான ஆழமற்ற கடலின் பெரும்பகுதி அப்போது உலர்ந்த நிலம். கிழக்குக்கரைத் தீவுகளான பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் ஆகியவை அந்தச் சமவெளியில் நின்ற குன்றுகள். நாம் இன்று மூழ்கிப் பார்க்கும் முகடுகள் அவற்றின் அடிவாரப் பாறைகள். பத்துமலை சுண்ணாம்புக்கல், கிழக்குக்கரை முகடுகள் பெரும்பாலும் கருங்கல் என்பது ஒரு வேறுபாடு. பத்துமலையின் சுண்ணாம்போ நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு கடலின் அடியில் படிந்தது. 272 படியேறிக் குகைக்குள் நின்று அண்ணாந்து பார்ப்பவர் ஒருவகையில் பழைய கடல்தரைக்குள்தான் நிற்கிறார்.

பெர்ஹெந்தியானில் தொக்கோங் லாவுட் என்று ஒரு முகடு இருக்கிறது. தொக்கோங் என்றால் நம்மவர்களுக்குச் சீனக்கோயில்தான் நினைவுக்கு வரும். மலாயில் கடலில் துருத்தி நிற்கும் மொட்டைப் பாறைக்கும் அதே சொல் உண்டு. இரண்டு பொருளையும் கலந்து, மூழ்குபவர்கள் அதைக் கடற்கோயில் என்று அழைக்கிறார்கள். இருபது மீட்டரைத் தாண்டிய மணல்தரையில் தொடங்கி, பிளவும் இடுக்குமாக எழுந்து, அலையைத் தொடும் அளவுக்கு உயர்கிறது.

இத்தகைய பாறையில் மீன் மொய்ப்பதற்குக் காரணம் நீரோட்டம். திறந்த கடலில் தடையின்றி வரும் நீர், பாறையில் மோதி இரண்டாகப் பிரிகிறது. ஒரு பகுதி மேல்நோக்கித் திரும்புகிறது. அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் ஓயாமல் வந்துகொண்டிருப்பதால், மோதும் பக்கத்தில் கடல்விசிறிகளும் மென்பவளங்களும் கைவிரித்து நிற்கின்றன. சிறு மீன்கள் நீரை எதிர்த்து அதே இடத்தில் நீந்திக்கொண்டே வாய்க்கு வருவதைத் தின்கின்றன. அவற்றைத் தின்னச் சீலாவும் பாரையும் வெளிப்புறமாகச் சுற்றுகின்றன. சந்தையில் பனிக்கட்டி மேல் கிடக்கும் சங்கராவையும் கெராப்புவையும் மட்டுமே அறிந்தவருக்கு, அவை தம் வேலையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் காட்சி சற்று நேரம் விலையை மறக்கச் செய்யும். பாறையின் மறுபக்கத்தில் நீர் அடங்கியிருக்கும். முகட்டின் உச்சியைக் கடக்கும்போது நீரோட்டம் நெருக்கப்பட்டு வேகம் கூடும். எனவே வழிகாட்டிகள் ஏற்றவற்றத்துக்கு இடையே நீர் தணியும் நேரம் பார்த்துப் புதியவர்களை இறக்குவார்கள். மிதவைக் கயிற்றைப் பிடித்தபடி இறங்கி, அடங்கிய பக்கத்தில் ஒன்றுகூடிய பின்னரே சுற்றத் தொடங்குவார்கள்.

சுற்றும் முறையைக் கவனியுங்கள். முதலில் அன்றைய அதிகபட்ச ஆழத்துக்கு, சொல்லப்போனால் 16 அல்லது 18 மீட்டருக்கு, இறங்கிவிட வேண்டும். பின்பு பாறையை வலம்வருவதுபோல் சுற்றிக்கொண்டே சிறிது சிறிதாக மேலேற வேண்டும். முதல் சுற்று அடியில், அடுத்தது 12 மீட்டரில், அதற்கடுத்தது எட்டில். ஆழத்தில் காற்றும் நேரமும் வேகமாகச் செலவாவதால் அங்கே குறைவாகத் தங்கி, ஆழம் குறைந்த இடத்தில் அதிகமாகத் தங்குவதற்கு இது வழி செய்கிறது. மட்டமான பவளத்திட்டில் இப்படிச் செய்ய நாமாகத் திட்டமிட வேண்டும். முகட்டிலோ பாறையின் வடிவமே படிக்கட்டாக அமைந்துவிடுகிறது. கண்முன்னே பாறை இருப்பதால் நாம் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதும் தெரியும். நாற்புறமும் நீலமாக மட்டும் இருக்கும் நீரில் அது தெரியாது. சபாவின் சிப்பாடான் தீவு புதியவர்களுக்கு ஏற்றதல்ல என்று நான் கருதுவது இதனால்தான். எரிமலை ஒன்றின் தலையில் பவளம் வளர்ந்து, கடல்தரையிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயர்ந்து நிற்கும் தீவு அது. கரையிலிருந்து சிறிது தூரத்திலேயே சுவர் செங்குத்தாக இறங்குகிறது. அங்கே தவறி மூழ்கினால் தடுத்து நிறுத்தத் தரை கிடையாது.

முகட்டின் உச்சிப்பகுதிதான் நாம் முதலில் பேசிய மேல் பத்து மீட்டர். நீரில் ஏறவும் மூழ்கவும் செய்யாமல் நிற்பதற்கு, காற்றூதும் மேற்சட்டை ஒன்றும் இடுப்பில் ஈயக்கட்டிகளும் இருக்கின்றன. அடியில் இருக்கும்போது சட்டைக்குள் கொஞ்சம் காற்று விட்டுச் சமன் செய்வோம். மேலேறும்போது அந்தக் காற்று விரிகிறது. விரிந்த காற்று நம்மை மேலும் உயர்த்துகிறது. உயர்ந்ததால் அது மேலும் விரிகிறது. போதாக்குறைக்கு, அதுவரை சுவாசித்த 1,650 லிட்டர் காற்றின் எடை ஏறக்குறைய இரண்டு கிலோ; சிலிண்டர் அந்த அளவுக்கு இலேசாகிவிட்டிருக்கும். ஆக, மிதந்து மேலே போகும் போக்கு எல்லாம் ஒன்றுசேர்ந்து, விளைவு மிகக் கடுமையாக இருக்கும் அந்தக் கடைசிப் பகுதியில்தான் நம்மைப் பிடிக்கிறது. ஐந்தாவது முறை மூழ்கியபோது எனக்கு இது நடந்தது. முகட்டின் தலைப்பில், ஏழு மீட்டர் ஆழத்தில், பாசி மேய்ந்துகொண்டிருந்த பச்சை ஆமை ஒன்று துடுப்பை இரண்டு முறை அசைத்து மெல்ல எழுந்தது. அதன் ஓட்டின்மேல் ஒளி விழுந்த விதத்தைப் பார்த்துக்கொண்டே நானும் எழுந்தேன். சட்டையிலிருந்து காற்றை வெளியேற்ற வேண்டும் என்ற நினைவு வருவதற்குள் என் தலை வெயிலில் இருந்தது. நல்லவேளையாக மூச்சை விட்டுக்கொண்டேதான் ஏறியிருந்தேன். படகில் வழிகாட்டி மலாயில் கேட்டார்: ஆமைக்கு மூச்சு வேண்டும், மேலே போகிறது, உனக்குத்தான் வாயிலேயே இருக்கிறதே, நீ ஏன் போனாய்? அன்றிலிருந்து, ஏறத் தொடங்கும் முன்பே இடக்கை சட்டையின் காற்றுக்குழாயைத் தேடிப் போய்விடுகிறது.

இன்னொரு காற்றுக்கணக்கு கண்ணுக்குத் தெரியாமல் இரத்தத்தில் நடக்கிறது. நாம் இழுக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். உடல் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் அழுத்தம் கூடும்போது அது இரத்தத்திலும் தசையிலும் அதிகமாகக் கரைகிறது. ஆழமும் நேரமும் கூடக்கூடக் கரைவதும் கூடும். மெதுவாக ஏறினால் அது நுரையீரல் வழியாக வெளியேறிவிடும். அவசரப்பட்டால் குலுக்கிய 100 பிளஸ் குளிர்பானப் போத்தலைச் சட்டென்று திறந்ததுபோல் உடலுக்குள்ளேயே குமிழியிட்டு, மூட்டுவலியில் தொடங்கி, கைகால் செயலிழப்பது வரை கொண்டுபோகும். பிரிட்டிஷ் கடற்படைக்காக ஆடுகளை வைத்துச் சோதித்த ஜே. எஸ். ஹால்டேன், 1908-இல் முதல் ஏறுமுறை அட்டவணைகளை வெளியிட்டார். அவற்றில் மூழ்குபவர் மேற்பரப்பை நெருங்க நெருங்க நிற்கும் நேரம் நீண்டுகொண்டே போகும். காரணம் பலூன் கணக்கில் பார்த்ததுதான்: அழுத்தம் மூன்றிலிருந்து இரண்டாவதைவிட, இரண்டிலிருந்து ஒன்றாவது பெரிய மாற்றம். இன்று மணிக்கட்டில் கட்டும் டைவ் கணினி இதையெல்லாம் கணித்துக்கொள்கிறது. நாம் செய்ய வேண்டியது, நிமிடத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மேல் ஏறாதிருப்பதும், ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்பதும்.

அந்த மூன்று நிமிடத்தைப் பலர் தண்டனைபோல் கடத்துகிறார்கள். முகட்டில் அது வீணாகாது. ஆழத்தில் நீர் சிவப்பு ஒளியை முதலில் விழுங்கிவிடுவதால் செம்பருத்தி நிறத்துப் பவளம்கூட அங்கே கரும்பழுப்பாகத் தெரியும்; ஐந்து மீட்டரில் நிறங்கள் பெருமளவு திரும்பி வந்திருக்கும். பவளத்தைத் தொடாமல், கட்டைவிரலை உயர்த்தாமல் நின்றால் போதும். நீருக்கடியில் கட்டைவிரலை உயர்த்துவது மேலே போகலாம் என்பதற்கான சைகை. சரி என்று சொல்லக் கட்டைவிரலையும் ஆட்காட்டிவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்ட வேண்டும்.

கரையேறிய பின்னும் கணக்கு முடிவதில்லை. எஞ்சிய நைட்ரஜன் வெளியேற மணிக்கணக்காகும். ஒரே ஒரு முறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது என்பது பொதுவான அறிவுரை. பறக்கும் விமானத்தின் உள்ளழுத்தம் 2,400 மீட்டர் வரையிலான உயரத்துக்குச் சமமாக இருக்கலாம். கோத்தா பாருவிலிருந்து மாலை விமானத்துக்குச் சீட்டு வாங்குபவர்கள் இதை நினைவில் வைக்கிறார்கள். காரில் வருபவர்கள் மறந்துவிடுகிறார்கள். கோல பெசுட்டில் காலையில் படகைவிட்டு இறங்கி, கராக் நெடுஞ்சாலை வழியாக வரும்போது, பிள்ளைகள் கேட்டார்கள் என்று கெந்திங்குக்கு வண்டியைத் திருப்பினால், அதுவும் 1,800 மீட்டர் உயரம்தான். முந்தின நாள் மூழ்கிய உடலுக்கு அங்கே காத்திருப்பது, போத்தலை ஒடுக்கிய அதே ஐந்தில் ஒரு பங்கு அழுத்த வேறுபாடு. பிள்ளைகளை அடுத்த வாரம் அழைத்துப் போகலாம்.